அடியும் பிடியும்: வடசென்னை வீடுகளில் குடும்ப வன்முறை எப்படி இயங்குகிறது

"எதுக்கும்மா அடிச்சாரு?" புகார் கொடுக்கப் போகும் பெண்ணிடம் காவல் நிலையத்தில் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். பஞ்சாயத்துக்கு வரும் ஏரியா பெரியவரும் இதையே கேட்பார், பெற்ற தாயும் இதையே கேட்பாள். குழம்பில் உப்பில்லை, போன் எடுக்கவில்லை, பிள்ளை பரீட்சையில் ஃபெயில் என்று ஏதோ ஒரு பதில் வரும். அந்தக் காரணத்துக்கு ஒரு தீர்வு சொல்லிவிட்டு எல்லோரும் கலைவார்கள். அடுத்த மாதம் வேறு காரணத்துக்கு அதே அடி விழும்.

கேள்வியை மாற்றிப் பார்க்கலாம். அந்த அடிக்குப் பிறகு வீட்டில் எது நின்றது, எது தொடங்கியது? கல்மண்டபத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அவள் போவது நின்றிருக்கும். அவளுடைய போன் பின் நம்பர் அவனுக்கும் தெரிந்திருக்கும். வேலை முடிந்து கிளம்பும்போது மிஸ்டு கால் கொடுக்கும் வழக்கம் தொடங்கியிருக்கும். அடித்தது இரண்டு நிமிடம். அதனால் அமைந்த இந்த ஏற்பாடு வருடக்கணக்கில் ஓடும். அது பிசகாமல் ஓடும்வரை அவன் கைநீட்ட வேண்டிய அவசியமே வராது. "இப்பல்லாம் கை வைக்கிறதே இல்ல, திருந்திட்டான்" என்று அக்கம்பக்கத்தார் சொல்வது பல வீடுகளில் இந்தக் கட்டத்தில்தான்.

இதை முதலில் படமாக வரைந்தது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து துலூத் நகரில். 1984-ல் எலன் பென்ஸ், மைக்கேல் பேமர் உள்ளிட்டவர்கள், கணவரிடமும் துணைவரிடமும் அடிபட்ட பெண்களுடன் குழுக் குழுவாக உட்கார்ந்து பேசி ஒரு சக்கரத்தை வரைந்தார்கள். நடுவில் அதிகாரமும் கட்டுப்பாடும். அதிலிருந்து எட்டு ஆரங்கள்: மிரட்டிப் பணியவைப்பது, பார்வையாலும் பொருளை உடைத்தும் பயமுறுத்துவது, மனதை நோகடிப்பது, தனிமைப்படுத்துவது, நடந்ததைச் சின்னதாக்கிப் பழியைத் திருப்புவது, பிள்ளைகளை வைத்து மடக்குவது, ஆம்பளை என்ற உரிமை கொண்டாடுவது, பணத்தைப் பிடித்து வைப்பது. உடல் வன்முறையும் பாலியல் வன்முறையும் வெளிவட்டத்தில் இருக்கும். வெளிவட்டம் ஒரே ஒரு முறை தெரிந்துவிட்டால் போதும், அதற்குப் பிறகு ஆரங்கள் எட்டும் தாமாகவே வேலை செய்யும். கதவை வேகமாகச் சாத்தும் சத்தமே அவளை அடக்கிவிடும்.

இந்தச் சக்கரத்தை அப்படியே எடுத்து வந்து ராயபுரத்தில் மாட்டிவிட முடியாது. அதில் மாமியார் இல்லை, நாத்தனார் இல்லை, சீர்வரிசை இல்லை, சாதி இல்லை. வேறு சாதிப் பையனைக் காதலித்துக் கட்டிக்கொண்ட பெண்ணுக்குப் பிறந்த வீட்டுக் கதவு ஏற்கெனவே சாத்தியிருக்கும், அவளைத் தனிமைப்படுத்த அவன் மெனக்கெட வேண்டியதே இல்லை. "போ, எங்க போவ?" என்ற மூன்று சொல்லில் வேலை முடிந்துவிடும். அடிக்கிறவர்கள் எல்லோரும் அதிகார ஆசையால்தான் அடிக்கிறார்கள் என்று தாங்கள் முன்கூட்டியே முடிவு கட்டிவிட்டதாக பென்ஸே பிற்பாடு எழுதினார். அந்தத் திருத்தம் நமக்கு உதவும். அவன் மனதில் என்ன ஓடுகிறது என்று தோண்டிக்கொண்டிருக்க வேண்டாம். அந்த வீட்டில் எந்த முடிவை யார் எடுக்கிறார்கள் என்று பார்த்தாலே போதும்.

எல்லாச் சண்டையும் இந்தக் கணக்கில் வராது. இரண்டு பேரும் கத்தி, ஒரு நாள் கை ஓங்கி, மறுநாள் இருவருமே வெட்கப்படும் வீடுகள் உண்டு. அங்கே அவளுக்குப் பயம் இருக்காது, அவளுடைய வரவும் போக்கும் மாறாது. சமூகவியலாளர் மைக்கேல் ஜான்சன் 1995-லேயே இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். பிரித்துப் பார்ப்பது எதற்கு என்றால், இருவரும் வெட்கப்படும் இந்த வகையில் உட்கார வைத்துப் பேசினால் பலன் இருக்கலாம். அவளைக் கட்டுப்பாட்டில் வைக்கும் வகையில் அதே பேச்சு அவளை இன்னும் ஆழத்தில் தள்ளும்.

குடி என்ற சமாதானம்

வடசென்னையில் இந்தப் பேச்சை எடுத்தாலே "குடிதாம்மா எல்லாத்துக்கும் காரணம்" என்பார்கள். காசிமேட்டுப் பக்கம் போனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தையும் சேர்த்துச் சொல்வார்கள்: தொழில் இல்லை, கையில் காசு இல்லை, கோபம் வீட்டுக்கு வருகிறது. இதில் ஒரு பாதி உண்மை. குடி அடியின் எண்ணிக்கையைக் கூட்டும், காயத்தை ஆழமாக்கும். யாரை அடிப்பது என்பதை அது முடிவு செய்வதில்லை. நிற்க முடியாத போதையிலும் அவன் படகு முதலாளியை அடிப்பதில்லை, வண்டியை மடக்கும் போலீஸ்காரரை அடிப்பதில்லை, கடன் கொடுத்தவனை அடிப்பதில்லை. ஒயின்ஷாப்பிலிருந்து வீடுவரை வழியில் எத்தனையோ பேரைக் கடந்து வந்து, கதவைத் தாழிட்டு, ஜாக்கெட்டும் புடவையும் மறைக்கும் இடமாகப் பார்த்து அடிக்கிறான். குடியை விட்ட பிறகு அடி குறைந்து, சந்தேகமும் கண்காணிப்பும் அப்படியே தொடரும் வீடுகள் ஏராளம். மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பது நல்லதுதான். அதை வன்முறைக்கான தீர்வாக எண்ணி அவளைத் திருப்பி அனுப்புவதுதான் தவறு.

பணம் யார் கையில்

இங்கே பெண்கள் சம்பாதிக்கிறார்கள். மீன் விற்கிறார்கள், வீட்டு வேலைக்குப் போகிறார்கள், எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைக்கிறார்கள், மாநகராட்சிக் குப்பை வண்டியில் நிற்கிறார்கள். "அவதான் சம்பாதிக்கிறாளே, எதுக்குப் பயப்படணும்?" என்று கேட்பவர்கள் சம்பாதிப்பதையும் பணத்தைக் கையில் வைத்திருப்பதையும் ஒன்றாக நினைக்கிறார்கள். கொருக்குப்பேட்டையில் ஒற்றை அறை வாடகை வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மாதம் 11,000 ரூபாய் சம்பளம் அவள் கணக்கில் விழுகிறது, ஏடிஎம் கார்டு அவன் பர்ஸில் இருக்கிறது. கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயும் அதே கணக்குக்குத்தான் வருகிறது. பணம் வந்ததற்கான எஸ்எம்எஸ் போகும் நம்பர் அவனுடையது. காலையில் அவன் 50 ரூபாய் எடுத்துக் கொடுப்பான், இரவு அதற்குக் கணக்குக் கேட்பான். பால் 24, தக்காளி 15 என்று அவள் சொல்லிக்கொண்டே வர, மீதி 11 ரூபாய் எங்கே என்ற இடத்தில் சண்டை தொடங்கும். அன்றைக்கு அடி விழாமல் போனாலும் அடுத்த நாள் கடையில் ஒவ்வொரு ரூபாயையும் அவள் பயந்து பயந்துதான் எடுப்பாள்.

இதைவிட ஆழமாகக் கட்டுவது கடன். சுயஉதவிக் குழுக் கடனும் மைக்ரோ ஃபைனான்ஸ் கடனும் பெரும்பாலும் பெண் பெயரில்தான் கிடைக்கும். அவளைக் கையெழுத்துப் போடவைத்து அவன் வாங்கிக்கொள்வான். வாரத் தவணைக்கு ஆள் வந்து நிற்பது அவளிடம். தவணை தவறினால் குழுவில் இருக்கும் மற்றப் பெண்களும் அவளை நெருக்குவார்கள். நகை அடகுக் கடையில் இருக்கும், சீட்டு அவனிடம் இருக்கும். இந்த நிலையில் அவள் வீட்டை விட்டு வெளியேறினால் கடனும் கூடவே வரும். "ஏன் இன்னும் அவன்கூட இருக்கா?" என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005 பொருளாதார வன்முறையைத் தனி வகையாகவே சொல்கிறது. அவளுக்குச் சேர வேண்டிய பணத்தைத் தடுப்பது, சீதனத்தை விற்பது அல்லது அடகு வைப்பது, வீட்டுச் செலவுக்குத் தராமல் இருப்பது எல்லாம் இதில் அடங்கும். அதனால் அடகுச் சீட்டும் வங்கிப் பாஸ்புக்கும் குழுக் கடன் அட்டையும் காயத்தின் போட்டோவுக்குச் சமமான சாட்சியம். வழக்கு போடும்போது பலரும் இவற்றைக் கொண்டுவர மறந்துவிடுகிறார்கள்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இதன் பயனை வேறு கோணத்திலும் பார்க்கலாம். பஸ் காசைப் பிடித்து வைத்தே ஒருத்தியை வீட்டுக்குள் நிறுத்த முன்பு முடிந்தது, எண்ணூர் அம்மா வீட்டுக்குப் போக அவனிடம் கைநீட்ட வேண்டியிருந்தது. அந்தப் பிடி இப்போது தளர்ந்திருக்கிறது. அதற்குப் பதிலாகப் போன் வந்திருக்கிறது. "எங்க இருக்க? வீடியோ கால் போடு, சுத்திக் காட்டு" என்று நாளுக்குப் பத்து முறை கேட்பான். அவளுடைய வாட்ஸ்அப்பை அவன் வேறொரு கருவியில் திறந்து வைத்திருக்கவும் வாய்ப்புண்டு. செட்டிங்ஸில் 'லிங்க்டு டிவைசஸ்' பகுதியைத் திறந்தால் தெரிந்துவிடும். கூகுள் மேப்பில் 'லொகேஷன் ஷேரிங்' ஓடுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பார்த்தவுடனே நிறுத்திவிடக் கூடாது, நிறுத்தினால் அவனுக்குத் தெரிந்து அன்றிரவே விசாரணை நடக்கும். முக்கியமான பேச்சை வேலை இடத்திலோ தோழியின் போனிலோ வைத்துக்கொண்டு, கிளம்பும் நாளில் நிறுத்துவதுதான் பாதுகாப்பு.

கழுத்தில் கை வைத்திருந்தால்

எல்லா அடியும் ஒரே அளவு ஆபத்தானது இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்க நேரம் இருந்தால், "எப்பவாவது கழுத்தை நெரிச்சாரா?" என்று கேட்க வேண்டும். கழுத்தின் ரத்தக் குழாய்கள் இரண்டு பக்கமும் அழுத்தப்பட்டால் 10 நொடி அளவிலேயே நினைவு தப்பும், சில நிமிடங்களில் உயிர் போகும். உயிர் தப்பியவர்களில் பாதிப் பேருக்கு வெளியே எந்தத் தடமும் தெரியாது. குரல் கம்முவது, எச்சில் விழுங்கும்போது வலி, கண்வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள், அந்த நேரத்தில் தன்னை அறியாமல் சிறுநீர் போனது, நடந்ததில் கொஞ்சம் நினைவில் இல்லாதது ஆகியவைதான் அடையாளம். கழுத்து நெரிக்கப்பட்ட பெண் பின்னாளில் அதே ஆணால் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல் என்று அமெரிக்க ஆய்வு ஒன்று 2008-ல் காட்டியது. மண்ணெண்ணெய் ஊற்றப் போவதாக மிரட்டியது, கர்ப்பமாக இருக்கும்போது அடித்தது, "நீ போனா உன்னையும் கொன்னு நானும் செத்துடுவேன்" என்று சொன்னது ஆகியவற்றையும் இதே வரிசையில் வைக்க வேண்டும். ஆபத்து உச்சத்துக்குப் போவது அவள் பிரிந்து போகும் நாட்களில். பிடி நழுவுகிறது என்பது அவனுக்கு அப்போதுதான் உறைக்கிறது.

எழுதி வாங்கும் சமாதானம்

தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கியது. இன்று வடசென்னையிலும் அவை இருக்கின்றன. அங்கே நடப்பதில் பெரும்பகுதி சேர்த்து வைக்கும் வேலை. இருவரையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்து "சொல்லும்மா" என்பார்கள். அவன் காதில் விழ அவள் எதைச் சொல்வாள்? சொன்னதற்கான விலையை இரவு வீட்டில் கொடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். கடைசியில் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி வாங்குவார்கள். "இனி குடித்துவிட்டு அடிக்க மாட்டேன்" என்று அவன் எழுதுவான். பதிலுக்கு அவளிடமும் எழுதி வாங்குவது உண்டு: கணவருக்குத் தெரியாமல் அம்மா வீட்டுக்குப் போக மாட்டேன், தேவையில்லாமல் போன் பேச மாட்டேன். அடித்தும் மிரட்டியும் எதை அவன் நிறுவப் பார்த்தானோ, அதை ஸ்டேஷனே எழுத்தில் நிறுவிக் கொடுத்துவிடுகிறது. அடுத்த முறை அந்தத் தாளைத்தான் அவன் நீட்டுவான். அப்படி ஒரு வாக்கியத்தில் கையெழுத்துக் கேட்டால், "இந்த வரிய எடுத்துட்டுக் குடுங்க மேடம், போடறேன்" என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. தனியாக வைத்து வாக்குமூலம் எடுங்கள் என்றும் கேட்கலாம். மனு கொடுத்தால் சிஎஸ்ஆர் ரசீதை, அதாவது மனுவைப் பெற்றுப் பதிந்ததற்கான சீட்டை, எண்ணோடு வாங்காமல் வெளியே வரக் கூடாது.

புகார் எழுதுவதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. "தினமும் குடித்துவிட்டு அடித்துத் துன்புறுத்துகிறார்" என்ற ஒற்றை வரியோடு பல மனுக்கள் முடிந்துவிடுகின்றன. அதைப் படிப்பவருக்கு நூறோடு நூற்றியொன்று. இப்படி எழுதினால் கதை வேறு: "என் ஏடிஎம் கார்டு இரண்டு வருடமாக அவரிடம் உள்ளது. என் பெயரில் 40,000 ரூபாய் குழுக் கடன் வாங்கி அவர் எடுத்துக்கொண்டார். தீபாவளிக்கு முந்தைய நாள் இரவு கழுத்தை நெரித்தார், கண் இருட்டியது, மூன்று நாள் சரியாகப் பேச முடியவில்லை. மகனைப் பள்ளியிலிருந்து கூட்டிப் போய்விடுவேன் என்று மிரட்டுகிறார்." தேதி நினைவில்லை என்றால் பண்டிகை, பிள்ளையின் பிறந்தநாள், தேர்தல் என்று பக்கத்தில் இருக்கும் ஒன்றைச் சொல்லலாம்.

ஆஸ்பத்திரியிலும் இதே கதைதான். ஸ்டான்லியிலோ வேறு அரசு மருத்துவமனையிலோ காயத்தோடு போனால் விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏஆர் புத்தகத்தில், காயம் எப்படி வந்தது என்று எழுதுவார்கள். பக்கத்தில் அவன் நிற்பதால் "மாடிப்படியில விழுந்துட்டேன்" என்பாள். ஆறு மாதம் கழித்து நீதிமன்றத்தில் அந்த வரி அவளுக்கு எதிராக நிற்கும். விவரம் தெரிந்த நர்ஸ் அந்த நேரத்தில் அவனை ஏதாவது சீட்டு எழுதிக் கொடுத்து வெளியே அனுப்பிவிட்டுக் கேட்பார். தீக்காயம் என்றால் இது இன்னும் கொடுமை. கீழ்ப்பாக்கம் மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே "ஸ்டவ் வெடிச்சிடுச்சுன்னு சொல்லு, புள்ளைங்கள யாரு பாத்துப்பா" என்ற பேச்சு நடந்து முடிந்திருக்கும். மரண வாக்குமூலம் எடுக்க மாஜிஸ்திரேட் வரும்போது அவள் பிள்ளைகளை நினைத்துத்தான் பதில் சொல்வாள்.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுவரையுள்ள, திருமணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறையை அனுபவித்தவர்கள். நாட்டின் சராசரி 29. வன்முறைக்கு ஆளான இந்தியப் பெண்களில் முக்கால்வாசிப் பேர் யாரிடமும் சொன்னதே இல்லை. பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கேட்கும் ஹவுசிங் போர்டு பிளாக்கில்கூட அப்படித்தான்.

சட்டம் எங்கே பிடியைத் தளர்த்தும்

பலருக்கும் தெரிந்தது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ, கணவரோ அவர் வீட்டாரோ செய்யும் கொடுமைக்கான பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆம் பிரிவு, 3 ஆண்டுவரை சிறை. அது அவனைத் தண்டிக்கப் பார்க்கும் சட்டம். அவளுக்கு வீடு, பணம், பிள்ளை, பாதுகாப்பு தருவது 2005-ஆம் ஆண்டுச் சட்டம். இரண்டையும் ஒரே நேரத்தில் எடுக்கலாம். ஒன்றைக் கொடுத்தால் மற்றது கிடையாது என்று யாராவது சொன்னால் அது தவறு.

சென்னை மாவட்டத்துக்கான பாதுகாப்பு அலுவலரை ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகையில் இருக்கும் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பார்க்கலாம், கட்டணம் இல்லை. அவர் படிவம் 1-ல் வீட்டு நிகழ்வு அறிக்கை தயாரித்து மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். 12-ஆம் பிரிவில் நேரடியாகவும் மனு போடலாம். அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்துக்குரிய நீதிமன்றத்திலேயே போடலாம், கணவன் வீடு இருக்கும் பகுதிக்கு அலைய வேண்டாம். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. பெண் என்றாலே வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி கிடைக்கும், 15100 என்ற எண்ணில் கேட்கலாம். முதல் விசாரணை மூன்று நாளில், தீர்ப்பு 60 நாளில் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் மாதங்கள் இழுக்கும், சில வழக்குகள் வருடங்கள். அதனால்தான் மனுவோடு சேர்த்து 23-ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவும் கேட்க வேண்டும். இதைக் கேட்காமல் விட்டு, கையில் ஒன்றும் இல்லாமல் வாய்தாவுக்கு அலைபவர்கள் நிறைய.

வீடு மாமியார் பெயரில் இருக்கிறது, ஹவுசிங் போர்டு ஒதுக்கீட்டு ஆணை மாமனார் பெயரில் இருக்கிறது என்பதால் அவளுக்கு உரிமை இல்லை என்று ஆகாது. கணவனோடு சேர்ந்து வாழ்ந்த வீடு உறவினருடையதாக இருந்தாலும் அங்கே வசிக்கும் உரிமையைக் கேட்கலாம் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. கணவனை வெளியேறச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம், மாமியாரை வெளியேறச் சொல்ல முடியாது. ஆனால் மாமியாரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம். குடித்துவிட்டு வந்து பென்ஷன் பணத்தைப் பிடுங்கும் மகன்மீது தாயும் இதே சட்டத்தில் மனு போடலாம். இது தெரியாமல் வாய்மூடி இருக்கும் வயதான அம்மாக்கள் வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் குறைவில்லை.

கிளம்புவது என்று முடிவெடுத்தால் சொல்லிவிட்டுக் கிளம்பக் கூடாது. ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, கல்யாணப் பத்திரிகை, கல்யாணப் போட்டோ, ஆஸ்பத்திரிச் சீட்டு, அடகுச் சீட்டு எல்லாவற்றின் நகலும் முன்கூட்டியே நம்பிக்கையான ஒருவரிடம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அசல் ஒவ்வொன்றாக, அவன் தேடிப் பார்க்காத வரிசையில். பிள்ளைகளைக் கூடவே அழைத்துப் போவது நல்லது. விட்டுவிட்டுப் போனால் பிறகு பேரம் பிள்ளைகளை வைத்துத்தான் நடக்கும். 181 இருபத்துநான்கு மணி நேரமும் எடுக்கும் எண், தங்குமிடத்துக்கும் அவர்களிடம் கேட்கலாம். பேசிய பிறகு கால் லாக்கில் அந்த எண்ணை அழித்துவிட வேண்டும். உயிர் ஆபத்து என்றால் 112.

பக்கத்து வீட்டார் சத்தம் கேட்டும் சும்மா இருப்பதற்குச் சொல்லும் காரணம், "நமக்கு எதுக்கு வம்பு". நல்லெண்ணத்தோடு பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்பவர்மீது எந்த வழக்கும் போட முடியாது என்று 4-ஆம் பிரிவே சொல்கிறது. அதற்குக்கூடத் தயங்குபவர் கதவைத் தட்டி "தண்ணி லாரி வந்துடுச்சு, குடம் எடுத்துனு வா" என்று கூப்பிடலாம். பாதி அடி அந்த இடத்தில் நின்றுவிடும். "ஏம்பா அடிக்கிற?" என்று அவனிடம் நியாயம் கேட்கப் போனால், தெருவில் மானம் போனதற்கான கணக்கையும் அவளிடம்தான் தீர்ப்பான். பேச வேண்டியது அவளிடம், மறுநாள், பம்ப்படியில், அவன் இல்லாதபோது.

உத்தரவு கையில் வந்த பிறகும் வேலை இருக்கிறது. உத்தரவின் நகலை நீதிமன்றம் இலவசமாகத் தர வேண்டும். அது அவளுடைய கைப்பையில் ஒன்று, வீட்டில் ஒன்று, பிள்ளையின் பள்ளியில் ஒன்று, அந்த எல்லைக்குரிய காவல் நிலையத்தில் ஒன்று என்று இருக்க வேண்டும். பாதுகாப்பு உத்தரவை மீறி அவன் வேலை இடத்தில் வந்து நின்றாலோ போனில் மிரட்டினாலோ அது 31-ஆம் பிரிவில் தனிக் குற்றம்: ஓராண்டுவரை சிறை அல்லது 20,000 ரூபாய்வரை அபராதம் அல்லது இரண்டும், ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத வகை. அதை நிரூபிக்க அவளுடைய வாக்குமூலம் ஒன்றே போதும் என்று நீதிமன்றம் முடிவுக்கு வரலாம். "சும்மா பாக்கத்தானே வந்தேன்" என்று அவன் சொல்லும் முதல் மீறலையே அன்றைக்கே எழுதிக் கொடுக்க வேண்டும். முதல் முறை விட்டுவிட்டால் உத்தரவு வெறும் தாள் என்று அவன் தெரிந்துகொள்வான்.